யார் தட்டில் குறைகிறது?

இரவில் கீரை ஆகாது. மீன் தின்றால் மோர் ஊற்றிக்கொள்ளக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி பப்பாளியைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை கவிச்சி சமைக்கக் கூடாது. இடது கையால் பரிமாறக் கூடாது. சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. கிரகண நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. கறிக்குழம்பை இருட்டில் எடுத்துப் போனால் தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டு போட வேண்டும். ஆண்கள் கை கழுவிய பிறகே பெண்கள் உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பெரிய பட்டியல் சொல்லுவார். படிப்பு, ஊர், வயது மாறினால் பட்டியலும் கொஞ்சம் மாறும். பட்டியலே இல்லாத வீடு கிடையாது.

ஏன் என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். உடம்புக்கு ஆகாது. அது சுத்தம் இல்லை. அது மரியாதை இல்லை. பல சமயம் ஒரே விதிக்கு மூன்று பதிலும் சேர்ந்தே வரும். உடம்பைக் காக்கும் அனுபவ அறிவும், அழுக்கையும் எச்சிலையும் பற்றிய அச்சமும், யார் மேல் யார் கீழ் என்ற கணக்கும் ஒரே வாக்கியத்துக்குள் நுழைந்துகொள்கின்றன. அதனால்தான் உணவு விதிகளைப் பற்றிய பேச்சு எப்போதும் குழப்பத்தில் முடிகிறது. ஒரு பக்கம் “முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை” என்று எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பவர்கள், இன்னொரு பக்கம் எல்லாமே மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள். ஒரு விதி அறிவியலுக்குப் பொருந்துகிறதா என்பது தேவையான கேள்விதான். அதற்கு முன் கேட்டாக வேண்டிய இன்னொன்று இருக்கிறது என்பது என் கருத்து: இந்த விதி நடைமுறைக்கு வரும்போது யாருடைய தட்டில் என்ன குறைகிறது?

நம்மிடம் எழுதி வைக்கப்பட்ட விதிகளே நிறைய. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது, நூறு பாடல்களில் அன்றாட ஒழுக்கத்தைத் தொகுக்கிறது. குளித்து, கால் கழுவி, வாய் கொப்பளித்து உட்கார வேண்டும். கிழக்கு நோக்கி அமர்வது நல்லது. படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ கட்டில் மேலோ உண்ணக் கூடாது. இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிக்க வேண்டும். பெரியவர்கள் தொடங்கும் முன் தொடங்கவும் அவர்கள் எழும் முன் எழவும் கூடாது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: விருந்தினருக்கும் முதியோருக்கும் பசுவுக்கும் பறவைக்கும் குழந்தைக்கும் கொடுத்த பிறகே வீட்டுக்காரன் உண்ண வேண்டும். வடமொழி ஸ்மிருதி மரபின் சாயல் படிந்த நூல் அது. ஆனாலும் இந்த ஒரு விதியில் பலவீனமானவர்கள் முதலில் வருகிறார்கள், குடும்பத் தலைவன் கடைசியில் வருகிறான். பிற்காலத்து வீடுகள் நடந்துகொண்ட வரிசையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வள்ளுவரின் போக்கு வேறு. மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள்கள் சாப்பாட்டைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததா, பசிக்கிறதா, உடம்புக்கு ஒத்துப்போகிறதா, அளவு தெரிகிறதா என்பவைதான் அவருடைய கவலை. எந்தத் திசை, எந்தக் கிழமை, பக்கத்தில் யார் என்ற பேச்சே அங்கு இல்லை. உடம்பை மட்டும் கணக்கில் எடுத்து உணவு விதி வகுக்க முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே இருக்கும் பழைய சான்று இது.

விதிகள் மாறாதவை என்ற நம்பிக்கையைச் சங்கப் பாடல்கள் உடைத்துவிடுகின்றன. அந்தணரான கபிலர் சேர மன்னன் செல்வக்கடுங்கோவிடம், தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சொல்லும் பாடல் புறநானூற்றில் உண்டு. ஊன் சோறு உண்ட வருத்தம் தவிர வேறு வேலை அறியாத கை என்பதே அவர் தரும் விளக்கம். எந்தக் கூச்சமும் இல்லாமல் அரசவையில் சொல்கிறார். பிறகு சமணமும் பௌத்தமும் கொல்லாமையைப் பேசின, பக்தி இயக்கம் வந்தது, கோயில் சார்ந்த வாழ்க்கை வலுத்தது. புலால் மறுப்பு உயர்வின் அடையாளமானது. தொடக்கத்தில் அது உயிர் மேல் கொண்ட இரக்கம். அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். இரக்கம் எப்போது பிறப்பின் பெருமையாக உறைந்துபோனதோ, அப்போதிலிருந்து அது அடுத்தவர் தட்டை அளக்கும் கோலாகிவிட்டது.

2014இல் இந்திய மாதிரிப் பதிவு முறை நடத்திய அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆனால் பொது இடத்தில் “நல்ல” சாப்பாடு எது என்ற இலக்கணத்தை மீதி மூன்று பேர்தான் வகுத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தி பெரும்பாலும் சைவம். விரதம் என்றால் சைவம். வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, அமாவாசை சைவம். புரட்டாசி பிறந்தால் கறிக்கடையில் கூட்டம் குறைகிறது, நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது. ஒருவர் தானே ஏற்கும் விரதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நாவை அடக்கிப் பழகுவது பெரிய பயிற்சிதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாலையில் மீன் வறுக்கும் வாசனை வந்தது என்று வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்லும்போது. சென்னை ஐஐடியில் 2018 டிசம்பரில் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் உண்பவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே அகற்றினார்கள். சைவம் உண்பவருக்குத் தனிப் பாத்திரம் கேட்க உரிமை உண்டு. கைகழுவும் இடத்தைப் பிரிப்பதில் தீட்டு தவிர வேறு என்ன இருக்கிறது?

அசைவத்துக்குள்ளும் படிகள் இருக்கின்றன. ஆட்டுக்கறி விருந்துக்கு, கோழி வீட்டுக்கு, கருவாடு சொல்லிக்கொள்ளாமல் உண்பதற்கு, மாட்டுக்கறி பேசாமல் இருப்பதற்கு. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்த முனைந்தபோது மாட்டிறைச்சிப் பிரியாணிக்கும் பன்றி இறைச்சிக்கும் இடம் இல்லை என்றது. மாட்டிறைச்சிப் பிரியாணி ஆம்பூரின் அன்றாடச் சாப்பாடு. எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஒரு ஊர் எதைச் சாப்பிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அரசு மேடையில் எது ஏறலாம் என்று யாரோ தீர்மானிக்கிறார்கள்.

தானியத்திலும் இதே கதைதான். கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்டு வளர்ந்த தலைமுறைக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் உரியது. பண்ணையில் வேலை செய்தவர் களி உண்டார், பண்ணையார் சோறு உண்டார். எனவே சோறு கிடைப்பதே மேலே ஏறியதன் அடையாளம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் அத்தனை வலுவாகப் பிடித்ததற்கு வயிற்றுப் பசி மட்டும் காரணம் இல்லை. வெள்ளைச் சோற்றின் மீது இருந்த மானமும் சேர்ந்துதான். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். பட்டினி பின்வாங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. கூடவே இன்னொன்றும் நடந்தது. உடலுழைப்பு குறைய, மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்றானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு என்றது அது.

இன்று அதே கம்பும் வரகும் சாமையும் கண்ணாடிப் பெட்டியில் “சிறுதானியம்” என்று ஏறி, அரிசியைவிட மிகுந்த விலைக்கு விற்கின்றன. ஏழையின் பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். நல்லதுதான். ஆனால் கூழ் குடித்ததற்காக ஒரு காலத்தில் பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளைகளின் நினைவில் அந்த வலி இன்னும் இருக்கிறது. அவர்களிடம் போய் “பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்” என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு வருவோம். நம் சமையலறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. கோழிக்கறி, மாம்பழம், எள், வெல்லம் எல்லாம் சூடு. மோர், இளநீர், வெள்ளரி, வெந்தயம், பாசிப்பருப்பு குளிர்ச்சி. உருளைக்கிழங்கும் வாழைக்காயும் வாயு, பலாப்பழம் மந்தம். கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான். புண் உள்ளவர் தொடக் கூடாது. காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1969இல் எழுதிய கட்டுரையில், இந்தச் சூடு-குளிர்ச்சிக் கணக்கு சாப்பாட்டோடு நிற்பதில்லை, சடங்கில் வரும் நிறங்கள்வரை எல்லாவற்றையும் அது கோத்து வைத்திருக்கிறது என்று காட்டினார். அம்மை போட்ட வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, கடுகு வெடிக்கும் ஓசை எழாது, கவிச்சி வாசனை தெருவிலேயே நிறுத்தப்படும். இளநீர், மோர், பழைய சோற்று நீராகாரம், நிலைவாசலில் வேப்பிலைக் கொத்து. அம்மன் இறங்கியிருக்கிறாள், சூட்டைத் தணிக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு நிறைய நீர் கொடுப்பது, எளிதில் செரிப்பதைக் கொடுப்பது, வெளியாட்களை உள்ளே விடாமல் இருப்பது எல்லாம் இன்றைய மருத்துவமும் ஏற்பதுதான். பேதியான குழந்தைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுப்பதும் அப்படியே. இந்த விதிகள் எதுவும் தட்டைக் குறைக்கவில்லை. நோயாளிக்குக் கொடுக்கவே சொல்கின்றன.

இரவில் கீரை, தயிர், நெல்லிக்காய் கூடாது என்பதைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். செரிக்காது என்பார்கள், விளக்கு வெளிச்சத்தில் கீரையில் இருக்கும் பூச்சி தெரியாது என்பார்கள். பகலில் உண்டுகொள்ளலாம், யாருக்கும் இழப்பு இல்லை. மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பது தவறு. வெண்புள்ளி உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. சாப்பாட்டுக் கூட்டணிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மீனைத் தயிரில் சமைக்கும் வங்காளிகளை இங்கே சான்றுக்கு அழைக்கலாம். இதிலும் வயிற்றுக்குப் பெரிய கேடில்லை. கேடு வேறு இடத்தில் நேர்கிறது. வெண்புள்ளி வந்த பெண்ணைப் பார்த்து, கண்டதைச் சேர்த்துத் தின்றாள் என்று ஊர் பேசுகிறது.

கருவுற்ற பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும்தான் நம் உணவு விதிகளின் முழுப் பாரத்தையும் சுமப்பவர்கள். கப்ரியெல்லா ஐக்கிங்கர் ஃபெர்ரோ-லுஸ்ஸி என்ற மானிடவியலாளர் 1973, 74 ஆண்டுகளில், தமிழ்நாட்டுப் பெண்கள் கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் விலக்கும் உணவுகளைப் பற்றி விரிவான கட்டுரைகள் எழுதினார். கரு கலைந்துவிடும் என்ற பயமும் சூடு என்ற கருத்தும் அந்த விலக்குகளுக்குப் பின்னால் நின்றன. பப்பாளி, அன்னாசி, எள் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பப்பாளி விஷயத்தில் பாட்டிமார்களின் பயம் முழுக்கப் பொய் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எலிகளில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பப்பாளிக் காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது. நன்கு பழுத்த பழத்தால் தீங்கு இல்லை. காயைத் தவிர்ப்பது சரி. அந்தப் பயத்தைப் பழத்துக்கும், பிறகு எல்லாப் பழத்துக்கும் நீட்டியபோது, விட்டமின் தேவைப்பட்ட பெண்ணுக்கு அது கிடைக்காமல் போனது. கறுப்புத் திராட்சை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், குங்குமப்பூ குடித்தால் சிவப்பாகப் பிறக்கும் என்பவை வேறு வகை. அவற்றில் உடம்பைப் பற்றிய அறிவு எதுவும் இல்லை. நம் நிறவெறிதான் இருக்கிறது.

பேறுகாலப் பத்தியத்தில் பாதி பொன், பாதி கேடு. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக் கீரை, பிரசவ லேகியம் எல்லாம் சத்துள்ளவை. வருடம் முழுக்கத் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தவளுக்கு இந்தச் சில வாரங்களிலாவது தனியாகச் சமைத்துப் போடுகிறார்கள். அதே வாரங்களில் தண்ணீரை மறுக்கிறார்கள். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“அம்மா, நாக்கு வறளுது. இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா.”

“ஒரு மடக்குப் போதும்டி. பச்சை உடம்பு, வயிறு போட்டுரும்.”

“தண்ணி குடுக்கலைன்னா பால் எப்படிம்மா ஊறும்? உங்க பேத்திக்குத்தானே கேக்குறா அவ,” என்று செவிலியர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாய் கொடுமைக்காரி இல்லை. தனக்குத் தன் அம்மா செய்ததைச் செய்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு நீர் குறைந்தால் மலச்சிக்கலும் சோர்வும் கூடும். பிறந்த குழந்தைக்கும் இதே கதி இருந்தது. சீம்பால் கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியே ஊற்றிவிட்டு, குணமுள்ள ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். சேனை வைப்பது என்று பெயர். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. நோய் எதிர்ப்பாற்றலின் முதல் தவணை மண்ணில் ஊற்றப்பட்டது. மருத்துவமனைப் பிரசவம் பரவியதும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் பேசியதும் இதைப் பெரிதும் மாற்றின. நம்பிக்கையோடு மோதாமல் அதன் வழியாகவே உள்ளே நுழைவது பலன் தருகிறது என்பதற்கு அரசின் சமுதாய வளைகாப்பு நல்ல எடுத்துக்காட்டு. வளையல் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கலவைச் சாதம் பரிமாறி, அந்த இடத்திலேயே ஊட்டச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாய்வீட்டில் வளைகாப்பு நடத்த வசதி இல்லாத பெண்ணுக்கும் இப்படி ஒன்று கிடைக்கிறது.

பந்தி என்பது இன்னொரு உலகம். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு, பொரியல் என்று ஒவ்வொன்றுக்கும் இலையில் இடம் உண்டு. சாம்பார், காரக்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்ற வரிசையை மாற்றக் கூடாது. பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன் எழக் கூடாது. சுப காரியத்தில் இலையைத் தன் பக்கம் மடிக்க வேண்டும், துக்க வீட்டில் எதிர்ப் பக்கம். இந்த முறைகளில் ஓர் அழகு இருப்பதை மறுக்க முடியாது. கேட்காமலேயே இலையைப் பார்த்து எது தீர்ந்தது என்று கண்டுபிடித்துப் பரிமாறும் கைக்கு நிகரான உபசாரம் வேறில்லை. ஆனால் அந்தக் கை யாருடைய இலைக்கு முதலில் வந்தது என்பதில்தான் குடும்பங்கள் தலைமுறைக்கும் பேசாமல் போயிருக்கின்றன. அர்ஜுன் அப்பாதுரை 1981இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தமிழ்ப் பிராமண வீடுகளிலும் கல்யாணங்களிலும் கோயில்களிலும் நடக்கும் இந்தச் சாப்பாட்டு அரசியலைத்தான் ஆராய்ந்தது. ஒன்றாக உட்கார வைப்பதும் தள்ளி வைப்பதும் அதே சோறுதான் என்பதை அது விளக்கியது.

தள்ளி வைத்த வரலாறு நீளமானது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலத்தில், பொது நிதியில் நடந்த அந்த இடத்தில், பிராமண மாணவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது தெரியவந்ததும் 1924, 25இல் பெரும் விவாதம் மூண்டது. வரதராசலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். காங்கிரசிலிருந்து பெரியார் வெளியேறிய பின்னணியில் இந்தப் பந்திப் பிரச்சினைக்கு முக்கிய இடம் உண்டு. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்ற பிரிவினை 1941இல்தான் ஒழிந்தது. சுதந்திரம் வந்து பத்தாண்டு ஆன பிறகும், 1957இல், ஓட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. காப்பி தமிழ் வீட்டுக்குள் நுழைந்ததையும் அதைச் சுற்றி எழுந்த கண்டனங்களையும் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யைப் படித்தால், ஒரு பானத்துக்குள்ளேயே எவ்வளவு சாதி கலந்திருந்தது என்பது விளங்கும்.

இவை மேல்சாதிகளுக்கும் இடைச்சாதிகளுக்கும் நடந்த சண்டைகள். தலித்துகளுக்கு ஓட்டலின் உள்ளே உட்காரும் கேள்வியே எழவில்லை. டீக்கடைக் கூரையில் செருகிய தனிக் குவளை, அதைத் தானே கழுவி மறுபடி செருக வேண்டும், டீ மேலிருந்து ஊற்றப்படும். யாழ்ப்பாணத்தில் சிரட்டையில் ஊற்றினார்கள். 1960களில் அங்கே தேநீர்க் கடைகளுக்குள் நுழையும் போராட்டங்கள் இரத்தம் சிந்தி நடந்தன. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் 1967இல் உருவானது. அந்தக் காலத்தை கே. டானியல் தன் நாவல்களில் பதிந்திருக்கிறார். இந்தியாவில் 1955இல் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு சில ஊர்களில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப் என்றார்கள். அல்லது தலித்துகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சுகாதாரம் என்ற பெயரில் பழைய குவளை புது உடை உடுத்திக்கொண்டது.

இதற்கு எதிராகப் பந்தியையே ஆயுதமாக்கியவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் சாமித்தோப்பில் வைகுண்டசாமி பொதுக் கிணறு வெட்டி, எல்லாச் சாதியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமபந்தி நடத்தினார். 1867 மே 23இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே வருபவரிடம் பசி தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய சமபந்தி பள்ளிக்கூடத்தில் நடந்தது. 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் தொடங்கிய பள்ளி உணவை, காமராசர் 1956இல் மாநிலத் திட்டமாக்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். முட்டை வந்தபோது, முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று எளிதாக முடிவு செய்தார்கள். எவர் தட்டும் குறையவில்லை. எந்தப் பிள்ளையின் வழக்கமும் அடுத்த பிள்ளையின் புரதத்தைப் பறிக்கவில்லை. சில மாநிலங்களில் பள்ளி முட்டைக்கு எதிராக எழும் கூச்சலைக் கேட்கும்போதெல்லாம் இந்தத் தீர்வின் அருமை தெரிகிறது.

அங்கும் சாதி விடவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் விரிந்ததும், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியிலும், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகளும் அமைச்சர்களும் நேரில் போக வேண்டியிருந்தது. பசியோடு பள்ளிக்கு வந்த ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் இருந்த உப்புமாவை மறுத்தது எந்த உடல்நலக் காரணமும் இல்லை.

ஓட்டலிலும் பள்ளியிலும் கோயிலிலும் நுழைந்த இந்தப் போராட்டங்கள் எதுவும் நுழையாத ஓர் இடம் வீட்டுச் சமையலறை. அங்கே பெண் கடைசியாகச் சாப்பிடுகிறாள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டம் வீட்டுக்காரருக்கு, தலை மாமனாருக்கு, பெரிய துண்டு மகனுக்கு, மகளுக்கு வால் துண்டு. ஈரல் எப்போதும் பையனுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு குழம்புச் சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டு வழித்துப் பிசைந்து உண்ணுகிறாள் அம்மா. அதுதான் ருசி என்று அவளே சொல்லுகிறாள். நாமும் அந்தப் பிடிச்சோற்றுக்கு ஏங்கியதைக் கதைகளில் நெகிழ்ந்து எழுதிவிட்டோம். சட்டியில் துண்டம் மிஞ்சாததால்தான் அவள் அதை வழித்தாள். இதை அன்பு, தியாகம் என்று பாடுவது எனக்கு ஏற்புடையதில்லை.

கணவன் இறந்தால் தட்டு இன்னும் சுருங்கும். பூதப்பாண்டியனின் மனைவி தீயில் இறங்கும் முன் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டு, கைம்பெண்ணின் சாப்பாட்டைத்தான் விவரிக்கிறது: நீரில் பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்ட வேளைக்கீரை, நெய் கிடையாது. இருபதாம் நூற்றாண்டு அக்ரகாரத்துக் கைம்பெண்ணுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் ஏகாதசிப் பட்டினியும். இடையில் எத்தனையோ நூற்றாண்டுகள். விதியின் உள்ளர்த்தம் மாறவே இல்லை.

2019-21இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25. மாதவிலக்கும் பிரசவமும் குடற்புழுவும் இதற்குக் காரணங்கள்தான். அவற்றால் கூடுதல் இரும்புச்சத்தைக் கேட்கும் உடம்புக்கு வீட்டு வரிசையில் கடைசி இடம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது இரும்புச்சத்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: இந்த வீட்டில் யார் எந்த வரிசையில் சாப்பிடுகிறார்கள், நேற்று முட்டையோ மீனோ பருப்போ இந்தப் பெண்ணின் தட்டுக்கு வந்ததா? கணவனும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும்போதே கேட்க வேண்டும். இந்தக் கேள்வியின் பதிலோடு அந்தக் குடும்பம் முழுவதையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்ல வேண்டும்.